சுட்ட களிமண்ணால் தண்ணீரிலுள்ள செம்பைப் பிடிப்பது எப்படி?

அறிவியல் கண்காட்சிக்கு ஏற்ற சோதனை இது. ஈயம், காட்மியம் எல்லாம் வேண்டாம். போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லிக்காக உரக்கடையில் விற்கும் மயில்துத்தம் போதும், அதிலிருப்பது செம்பு. கையுறை கட்டாயம்.

பச்சைக் களிமண்ணே உலோக அயனிகளை (நீரில் கரைந்த, மின்னூட்டமுள்ள உலோகத் துகள்களை) பிடிக்கும், பல நேரம் சுட்டதைவிட நன்றாகவே. ஆனால் தண்ணீர் பட்டால் சேறாகிவிடும், பிரித்தெடுப்பது பெரும்பாடு. சுட்டால் மணிமணியாக நிற்கும். சுடுவது அதற்காகத்தான்.

படி 1: மண். பானை செய்யும் மண்ணோ, கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணோ எடுத்து, மேலே சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்த மண், வேறு பாருங்கள். ரவை அளவுக்கு உடைத்துச் சலித்து நன்றாகக் காயவையுங்கள்.

படி 2: சுடுதல். கல்லூரி ஆய்வகத்தின் மஃபிள் உலையில் (மூடிய மின் உலை) 600 டிகிரி செல்சியஸ், 2 மணி நேரம். சுத்தமான கயோலின் என்றால் எடை சுமார் 14 சதவீதம் குறையும். படிகத்துக்குள் கட்டுண்ட நீர் வெளியேறுவதுதான் காரணம். 1,000 டிகிரிக்கு மேல் போனால் மண் இறுகி, அயனி ஒட்ட இடமிருக்காது. குயவர் சூளையில் வெப்பம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் என் ஓட்டு உலைக்குத்தான்.

படி 3: கலத்தல். சுட்ட மண்ணைக் கலங்கல் போகும்வரை கழுவி உலர்த்துங்கள். காய்ச்சி வடித்த நீர் 1 லிட்டரில் 0.39 கிராம் மயில்துத்தம் கரைத்தால் ஏறத்தாழ 100 மில்லிகிராம் செம்பு இருக்கும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, நகைத் தராசு வேண்டும். 100 மில்லி கரைசலில் 5 கிராம் மண் போட்டு 1 மணி நேரம் குலுக்குங்கள்.

படி 4: பிஎச், அதாவது கரைசலின் அமில, கார அளவு (குறைந்தால் அமிலம், 7 நடுநிலை). பலர் தாண்டிப்போகும் இடம் இது. மண்ணில் துளி சுண்ணாம்பு இருந்தாலும் கரைசலின் பிஎச் ஏறும். 6-ஐ நெருங்கும்போதே செம்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியத் தொடங்கும். தண்ணீர் தெளிந்துவிடும், மண் சாதித்துவிட்டது என்று நினைப்போம். ஆனால் செம்பு வெறுமனே அடியில் படிந்திருக்கும். அதனால் குலுக்கும்போதே அளந்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டு 5-இல் நிறுத்துங்கள். ரொம்ப இறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் அயனிகள் போட்டிக்கு வந்து செம்பை ஒட்டவிடாது. இன்னொரு குடுவையில் மண்ணே போடாமல் கரைசலை மட்டும் அதே பிஎச்சுக்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள். அதிலும் செம்பு குறைந்தால் அது மண்ணின் வேலை இல்லை. நிறக் கரைசலில் பிஎச் தாள் ஏமாற்றும். பிஎச் 4, 7 என்று முன்பே தெரிந்த பஃபர் கரைசல்களில் சரிபார்த்த பிஎச் பேனாவே நல்லது.

படி 5: சோதனை. வடிகட்டிய நீரில் அமோனியா கரைசல் விடுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்து. செம்பு மிச்சமிருந்தால் ஆழ்ந்த நீலம் வரும். குழாயை வெள்ளைத் தாள்மேல் நிறுத்தி மேலிருந்து பார்த்து, மண் போடாத குடுவையின் நீரோடு ஒப்பிடுங்கள். நீலமே வரவில்லை என்றாலும் குடிக்காதீர்கள். இந்தியத் தரநிலையில் குடிநீருக்கு ஏற்ற செம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

பின்சேர்க்கை: ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் குரோமியத்துக்கு இது உதவுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே சிக்கல் ஆறு இணைதிற குரோமியம். அது நீரில் குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. களிமண் பரப்பும் எதிர்மின்தான், நேர்மின் செம்பு ஒட்டும், குரோமேட்டைத் தள்ளிவிடும், எனவே இந்த முறையில் பிடிபடாது.

செம்பேறிய மண்ணைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். அமிலம் பட்டால் செம்பு திரும்பக் கழன்றுவிடும். மூடிய டப்பாவில் போட்டு ஆய்வகக் கழிவோடு ஒப்படையுங்கள்.