மொறிஸ் மைனரின் முன்சில்லு மடியாமல் இருக்க
யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடித்திரியும் பழைய மொறிஸ் மைனர் காரின் முன்சில்லு திடீரென மடிந்தால், முதலில் சந்தேகப்படவேண்டியது கீழ் ட்றனியனை, அதாவது முன்சில்லுப் பக்கம் கீழே இருக்கும் உட்புரியுள்ள மூட்டை. சில்லைத் தாங்கும் சுவிவல் பின் அதற்குள் புரியாணிபோலத் திரும்புகிறது. கிறீஸ் வற்றினால் புரி தேய்ந்து கழன்றுவிடும்.

கிறீஸ் அடிக்கமுதல் ஜக்கில் சில்லைத் தூக்குங்கள். பாரம் இருக்கும்போது அடித்தால் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பழைய கறுப்புக் கிறீஸ் பிதுங்கி, புதியது தெரியும்வரை அடியுங்கள். கடற்காற்றும் செம்மண் புழுதியும் உள்ள ஊர், இதில் பஞ்சிப்படக்கூடாது.

இடது, வலது ட்றனியன்களின் புரி எதிரெதிர்த் திசை, மாறி வாங்கிவிடாதீர்கள்.

முன்சில்லு மூட்டுகளில் இருக்கும் றபர் புஷ்ஷை (அதிர்வைத் தாங்கும் வளையத்தை) பொலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளுக்கு மாற்றினால் அதோடு வரும் கிறீஸையே பூசுங்கள், இல்லாவிட்டால் கிறீச்சிடும். றபரே போதுமென்றால், கார் நிலத்தில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் புஷ்ஷின் நட்டைக் கடைசியாக இறுக்கவேண்டும். தூக்கிவைத்து இறுக்கினால் றபர் முறுகி, கெதியில் கிழியும்.