பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால்

"ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, இனி இது தேறாது" என்று ஓரம் கட்டிய லேப்டாப் ஒன்று அநேகமாக உங்கள் அலமாரியிலும் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி, டிவிக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய கேம்கள் ஆடவும் வீட்டு போட்டோ, வீடியோக்களைச் சேர்த்து வைக்கவும் ஒரு பெட்டியாக மாற்றுவது எப்படி என்று சொல்கிறேன். 64 பிட் இயந்திரமாக இருந்தால் போதும், பத்துப் பன்னிரண்டு வயது ஆனாலும் பரவாயில்லை. சொந்தம், நட்பு என்று இதுவரை ஏழெட்டு லேப்டாப்புகளைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். அதில் உண்மையிலேயே செத்துப் போனது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்ற ஒரே வியாதியில் படுத்திருந்தவை.

எடுத்ததும் ஸ்க்ரூடிரைவரைத் தேடாதீர்கள். விண்டோஸ் முழுதாக வரும் வரை பொறுத்திருந்து கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு பத்துப் பதினைந்திலேயே கிடந்தால் வியாதி தெரிந்துவிட்டது. சமையல்காரர் (சிபியு) கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், காய் வாங்கப் போனவர் (டிஸ்க்) இன்னும் வரவில்லை. லேப்டாப்புகளில் வரும் சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும், அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. தகடு சுற்றி வருவதற்கும் அதைப் படிக்கும் முனையான ஹெட் நகர்ந்து சரியான இடத்தில் நிற்பதற்கும் ஆகும் நேரத்தைக் கூட்டினால், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளில் வினாடிக்கு நூறு எடுத்தாலே பெரிய விஷயம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றுவது, நகர்வது எதுவும் கிடையாது. இருப்பதிலேயே சாதாரணமான ஒன்றுகூட அதே வேலையை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். விண்டோஸ் எழுந்திருப்பது என்றால் இப்படி ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் படிப்பதுதான், அதனால்தான் எஸ்எஸ்டி மாற்றிய அன்றைக்கு "புது லேப்டாப்பா?" என்று கேட்பார்கள்.

மெமரி 90ஐத் தாண்டியே நின்றால் ரேம், அதாவது தற்காலிக நினைவகம், போதவில்லை. சிபியுவே 100ல் நின்று ஃபேன் ஊளையிட்டால் பெரும்பாலும் தூசி, இல்லையென்றால் இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள், விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும். "உங்கள் கணினியில் ஆயிரம் பிழைகள்" என்று பயமுறுத்தும் வேகமூட்டி, ரெஜிஸ்ட்ரி கிளீனர் வகையறாக்களை நான் தொடுவதே இல்லை. அவை செய்யும் உருப்படியான ஒரே வேலை தற்காலிகக் கோப்புகளை அழிப்பது, அதை விண்டோஸே செய்யும்.

சரி, டிஸ்க்தான் காரணம் என்று தெரிந்துவிட்டது. அடுத்து செய்ய வேண்டியது நகல். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால் வேறு எதுவும் செய்யாமல் முதலில் போட்டோக்களை வெளியே எடுங்கள். புது எஸ்எஸ்டிக்குப் பழைய டிஸ்க்கை அப்படியே முழு நகலாக மாற்றி, அதாவது குளோன் செய்வதை நான் விட்டு வருஷக்கணக்கு ஆகிறது. ஒருமுறை நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தில், இரண்டு டிஸ்க்குகளும் ஒரே கொள்ளளவு, ஒரே கம்பெனிப் பெயரோடு திரையில் தெரிய, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் வெகு நேர்த்தியாக, ஒரு பிழையும் இல்லாமல், நகலெடுத்துக் கொடுத்தது அந்த மென்பொருள். எச்சரிக்கைக்கு இரண்டு தடவை "ஆம்" சொன்னதும் நான்தான். அதனால் இப்போதெல்லாம் தேவையான கோப்புகளை மட்டும் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு, எஸ்எஸ்டியில் எல்லாவற்றையும் புதிதாகத்தான் போடுகிறேன். பத்து வருஷக் குப்பையைப் புது வீட்டுக்கும் தூக்கிப் போவானேன்?

இனி ஸ்க்ரூடிரைவர். பிரிக்கும் முன் லேப்டாப்பைச் சமமான மேஜையில் வைத்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஆடினாலோ, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதை அழுத்தவோ நெம்பவோ கூடாது, குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். பழக்கமில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொண்டு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். பேட்டரி ஒழுங்காக இருந்தால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியையும் கழற்றிவிட்டு (உள்ளேயே இருக்கும் ரகம் என்றால் மூடியைத் திறந்ததும் முதலில் அதன் கனெக்டரை எடுத்துவிட்டு) வேலையை ஆரம்பிக்கலாம்.

ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை என்பதை முதல் தடவை பிரிப்பவர்கள் யாரும் கவனிப்பதில்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் குத்துமதிப்பாக வரைந்து, எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ படத்தில் அந்த இடத்தில் ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஓட்டையில் முறுக்கினால் கை வைக்கும் இடத்தில் பருப் போட்ட மாதிரி ஒரு புடைப்பு வரும், அது போகவே போகாது. என் முதல் லேப்டாப்பில் இரண்டு இருந்தன.

பழைய டிஸ்க்கை உருவி எஸ்எஸ்டியைச் செருகுவது ஒரு நிமிஷ வேலை. பழைய டிஸ்க்கின் அதே சாட்டா இணைப்பில் செருகும் எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5 இருக்கலாம், ஆடாமல் இருக்க நடுவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தால் போதும். சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 துளை இருந்தால் மட்டும் நிதானிக்கவும்: பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு வகை உண்டு, ஒன்று போகும் துளையில் இன்னொன்று வேலை செய்யாமல் போகலாம். உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரேமிலும் அதே கதைதான். டிடிஆர்3, டிடிஆர்4 என்ற ரேம் தலைமுறைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. டிடிஆர்3 காலத்து லேப்டாப்பாக இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டுமா, 1.5 வோல்ட் ரகமா என்பதையும் பார்க்க வேண்டும். கேம் ஆடப் போகிறீர்கள் என்றால் ஒரே 8 ஜிபி துண்டைவிட இரண்டு 4 ஜிபி துண்டுகள் மேல், ஏனென்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப்புக்கும் இதே ரேம்தான் நினைவகம், இரண்டு வழியில் தரவு போனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஓட்டம் கூடும். திறந்தது திறந்தாயிற்று, ஃபேனையும் சுத்தம் செய்துவிடுங்கள். காற்றடிக்கும்போது இறக்கை சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் கெடும்.

அடுத்தது எந்த இயங்குதளம் என்ற சண்டை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பைக் கேட்கிறது, ஓரளவு புதிய சிபியுவும் கேட்கிறது. ஏமாற்றி நுழைக்க வழிகள் உண்டு, ஆனால் அடுத்த பெரிய அப்டேட்டில் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே இருப்பது எனக்குச் சரிப்படாது. என் தேர்வு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், அதிலும் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 4 ஜிபி ரேமிலும் மூச்சுத் திணறாமல் ஓடும், விண்டோஸ் பழகியவர்களுக்கு மெனு எங்கே என்று தேட வேண்டியதில்லை, தமிழ்99 விசைப்பலகையும் உள்ளேயே இருக்கிறது. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் மின்டை எழுதி, ஆன் செய்தவுடன் எஃப்12 அல்லது எஸ்கேப்பைத் தட்டி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பென்டிரைவிலிருந்து கிளப்புங்கள். உடனே நிறுவிவிட வேண்டாம். பென்டிரைவிலிருந்தே அரை மணி நேரம் ஓட்டி, வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, தூங்க வைத்தால் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம்.

கேமுக்கு வருவோம், இதற்காகத்தானே இத்தனையும். புதிதாக வந்த பிரமாண்டங்கள் இதில் ஓடாது, அந்த ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் காரணமாக எவ்வளவு புதிய கணினியாக இருந்தாலும் லினக்ஸில் ஓடுவதில்லை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் 2018ல் வந்த ப்ரோட்டான் என்ற மென்பொருள் வழியாக விண்டோஸ் கேம்கள் ஏராளமாக ஓடுகின்றன, ஆனால் அதற்கு வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறையின் ஆதரவு உள்ள கிராஃபிக்ஸ் சிப் வேண்டும், மிகப் பழைய லேப்டாப்பில் முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். இந்தப் பெட்டியின் உண்மையான மகிழ்ச்சி அதற்கும் முந்தைய காலத்தில் இருக்கிறது. 1993ல் வந்த டூம் கேமின் மூலநிரலை 1997லேயே வெளியிட்டுவிட்டதால் இன்று அது ஓடாத கருவி அபூர்வம். ஓபன்டிடிடி என்ற போக்குவரத்து கேமில் ரயில் பாதை போட உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்து கேம்களுக்கு டாஸ்பாக்ஸ், சுட்டி சொடுக்கிக் கதை நகர்த்தும் ரகத்துக்கு ஸ்கம்விஎம், கன்சோல்களுக்கு ரெட்ரோஆர்க். முதல் பிளேஸ்டேஷன் வரைக்கும் எந்த லேப்டாப்பும் அலட்சியமாக ஓட்டும். பிளேஸ்டேஷன் 2 என்றால் பழைய இரண்டு கோர் சிபியு திணறும். இப்படிப் பழைய கருவியைப் போல நடிக்கும் எமுலேட்டர் வைத்திருப்பதில் தவறில்லை, கேம் மட்டும் உங்கள் சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்ததாகவோ ஜிஓஜி போன்ற இணையக் கடையில் வாங்கியதாகவோ இருக்கட்டும்.

இதில் எனக்கு ஒரு தனிக் கோபம் உண்டு. பழைய கேமை அகலத் திரை முழுவதும் இழுத்துப் பரப்பி, பாத்திரங்கள் எல்லாம் நசுங்கிக் குண்டாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு "கிராஃபிக்ஸ் மோசம்" என்பார்கள். டாஸ் கேம்கள் பலவும் 320க்கு 200 புள்ளிகளில் வரையப்பட்டவை, ஆனால் அவற்றைக் காட்டிய மானிட்டர் 4:3 வடிவம். அதாவது ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இல்லாமல் கொஞ்சம் நெட்டையாக இருந்தது, ஓவியர்களும் அதை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். இன்றைய திரையில் புள்ளியைச் சதுரமாகக் காட்டினால் வட்டம் தட்டையாகிவிடும். டாஸ்பாக்ஸ் அமைப்புக் கோப்பில் ஆஸ்பெக்ட் என்ற வரியை ட்ரூ என்று மாற்றினால் சரியாகிவிடும், திரையின் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ரெட்ரோஆர்க்கில் சிஆர்டி ஷேடர் என்ற பட வடிகட்டி ஒன்றையும் போட்டுப் பாருங்கள். பழைய குழாய் டிவியின் கோடுகளும் லேசான கசிவும் சேர்ந்ததும், கட்டம் கட்டமாகத் தெரிந்த முகத்தில் கண், மூக்கு எல்லாம் வந்து உட்காரும்.

டிவியில் இணைத்ததும் கன்ட்ரோலரை அழுத்தியதற்கும் குதிப்பதற்கும் இடையில் ஒரு மந்தம் தெரிந்தால் லேப்டாப்பைத் திட்டாதீர்கள். படத்தை அழகாக்குகிறேன் என்று டிவி செய்யும் வேலை அது. வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி வினாடி. டிவி 100 மில்லி வினாடி யோசித்தால் நீங்கள் ஆறு ஃபிரேம் பின்னால் ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். டிவியில் கேம் மோடு போடுங்கள், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 துளை 4கேவில் 30க்கு மேல் போகாது, 1080பியில் 60 வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பெட்டியை வீட்டுக்கே கோப்புக் கிடங்காக்க சாம்பா என்ற மென்பொருள், வீடியோவை மற்ற கருவிகளில் பார்க்க ஜெல்லிஃபின். இரண்டுக்கும் விரிவான வழிமுறைகள் எங்கும் கிடைக்கின்றன, நான் இரண்டே விஷயம் சொல்கிறேன். முடிந்தால் வைஃபை வேண்டாம், ரூட்டரிலிருந்து கேபிள் போடுங்கள். அப்படிப் போட்ட பிறகும் என் வீட்டில் கோப்பு நகர்வது வினாடிக்கு 11 எம்பியிலேயே நின்றது. கிகாபிட் (1000 மெகாபிட்) இணைப்பு என்றால் 110 வர வேண்டும். இரண்டு நாள் சாம்பா அமைப்புகளை நோண்டிவிட்டுக் கடைசியில் பார்த்தால் கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருந்தது. நான்கு ஜோடியும் சரியாக இருந்தால்தான் கிகாபிட், இரண்டே ஜோடி கிடைத்தால் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும், யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, வெளியூரிலிருந்து பார்க்கலாமே என்று ரூட்டரில் போர்ட்டைத் திறந்து வைக்காதீர்கள், கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரிதான் அது.

மூடியைச் சாத்தினால் தூங்கக் கூடாது என்று பவர் அமைப்பில் மாற்றிவிடுங்கள். ஆனால் நீண்ட நேரம் கேம் ஆடும்போது மூடியைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள், சில மாடல்களில் சூடு விசைப்பலகை வழியாகவும் வெளியேறும். பேட்டரியை எப்போதும் 100ல் நிறுத்தி வைத்தால் சீக்கிரம் உப்பும், 60 அல்லது 80ல் நிறுத்தும் வசதி பயாஸில் (ஆன் செய்ததும் வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்) இருந்தால் அதைப் போடுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் எச்சரிக்கை எதுவும் இல்லையென்றால் ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு, வாரம் ஒருமுறை எஸ்எஸ்டியில் இருப்பதை அதில் நகலெடுத்து, கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். அதன் மேல் தடிமனான மார்க்கரில் "நகல்" என்று எழுதி ஒட்ட மறக்காதீர்கள். ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.