பிறருடைய ஆவிக்குரிய தேவைகளுக்காக ஜெபிக்கத் தொடங்குவது எப்படி?

சபையின் ஜெபக்கூட்டத்தில் வாசிக்கப்படும் ஜெபக்குறிப்புகளில் பெரும்பாலானவை நோய், வேலை, திருமணம், கடன், தேர்வு என்பவற்றைப் பற்றியவையே. இவற்றுக்காக ஜெபிப்பது குறைவானதல்ல. வியாதிப்பட்டவருக்காக ஜெபிக்கும்படி யாக்கோபு 5:14 தெளிவாகவே சொல்லுகிறது. ஆயினும், பவுல் சிறையிலிருந்து எபேசியருக்கும் பிலிப்பியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களின் தொடக்கத்தில் அவர்களுக்காக ஏறெடுக்கும் விண்ணப்பங்களைப் பாருங்கள்: சூழ்நிலை மாற வேண்டும் என்ற வேண்டுதல் அவற்றில் இல்லை, மனக்கண்கள் பிரகாசமடையவும், அன்பு அறிவிலே பெருகவும், தேவசித்தம் விளங்கவுமே அவர் கேட்கிறார். இந்த விண்ணப்பங்களையே நம்முடையவையாக்கிக்கொள்வது, புதிதாகத் தொடங்குபவருக்கு மிக உறுதியான வழி என்று நான் நம்புகிறேன்.

முதலாவது, ஒரே ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். நீண்ட பட்டியல் விரைவில் பெயர் வாசிப்பாக மாறிவிடும்.

இரண்டாவது, கொலோசெயர் 1:9-12 பகுதியை நிதானமாக இருமுறை வாசியுங்கள். அந்தச் சபையாரில் பலர் பவுலின் முகத்தைக் கண்டதே இல்லை. அவர்களுக்குச் சுவிசேஷத்தைப் போதித்த ஊழியரான எப்பாப்பிரா அவர்களைக் குறித்துச் சொன்னதைக் கேட்ட நாள்முதல் பவுல் ஓயாமல் ஜெபித்தார். ஆகவே, ஒருவருடைய உள்ளத்தின் நிலை முழுவதும் தெரியவில்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அவருக்காக முதலில் நன்றி சொல்லுங்கள். பவுலும் நன்றி சொன்ன பிறகே வேண்டுகிறார்.

நான்காவது, வசனத்தை அவருடைய பெயரோடு விண்ணப்பமாக்குங்கள். இதில் அவசரப்பட வேண்டாம். வேலையிழந்த தம்பிக்காக ஜெபிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஆண்டவரே, தம்பிக்கு வேலை தாரும்" என்பதோடு நிறுத்தாமல், "இந்தக் காத்திருப்பில் உமது சித்தத்தை அவன் அறியட்டும், கசப்படையாமல் பொறுமையோடும் சந்தோஷத்தோடும் நிலைத்திருக்க உமது வல்லமையால் அவனைப் பலப்படுத்தும்" என்று தொடருங்கள். சாத்தான் சீஷரைக் கோதுமையைப்போலப் புடைக்கக் கேட்டுக்கொண்டான் என்று இயேசு பேதுருவிடம் சொன்னபோதும், புடைத்தல் நேரிடாதபடிக்கு வேண்டிக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டதாகவே சொன்னார் (லூக்கா 22:31-32). இந்த வசனத்தைச் சிந்தித்த பிறகு, பிறருக்காக நான் ஜெபிக்கும் விதமே மாறியது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பிறருக்காக ஜெபிக்கும்போது, அவருடைய குறைகளைத் தேவனிடம் புகாராக அடுக்கும் சோதனை எளிதில் வரும். அவர் நம்பிக்கையோடு பகிர்ந்துகொண்ட இரகசியத்தை, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் கூட்டத்தில் சொல்லுவது அதைவிடக் கொடியது. தனியறையில் சொல்ல வேண்டியது தனியறையிலேயே இருக்கட்டும்.

ஐந்தாவது, ஒரு பகுதியை ஒரு வாரம் முழுவதும் ஜெபியுங்கள். அடுத்த வாரங்களில் எபேசியர் 1:17-19, எபேசியர் 3:16-19, பிலிப்பியர் 1:9-11 என்ற வரிசையில் செல்லலாம். எப்பாப்பிரா ஜெபத்தில் போராடினான் என்று கொலோசெயர் 4:12 கூறுவதால், வார்த்தைகள் வறண்டுபோகும் நாட்களைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள்.

நான்கு வாரங்கள் முடிந்ததும், "உனக்காக இன்னும் எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். அவர் முதலில் வேலையைத்தான் சொல்லக்கூடும். அதையும் குறித்துக்கொண்டு, அடுத்து அவர் சொல்லவிருப்பதற்குப் பொறுமையோடு செவிகொடுங்கள்.