சர்க்கரை நோய், விழித்திரை, மெக்னீசியம்: ரிப்போர்ட்டைப் பார்ப்பது எப்படி

சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்களின் ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதை வைத்து, மெக்னீசியம் குறைந்ததால்தான் கண் கெட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சர்க்கரை ஏறி யூரினில் இறங்கும்போது மெக்னீசியமும் கூடவே போய்விடுகிறது. விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பழுதாக்குவதும் அதே சர்க்கரைதான்.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே பாதித் தவறு நடந்துவிடும். மெக்னீசியத்துக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் மூடி போட்ட சீரம் டியூப் வேண்டும். எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) பார்க்க எடுக்கும் ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், அளவு பொய்யாகக் குறையும். ஊசி சரியாக ஏறாமல் ரத்தம் கஷ்டப்பட்டு வந்தால் நேர் எதிர்: சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் மெக்னீசியம் கலந்து, அளவு கூடித் தெரியும். ரிப்போர்ட்டில் ‘ஹீமோலைஸ்டு’ (சிவப்பணு உடைந்தது) என்றிருந்தால் மறுபடி ரத்தம் கொடுங்கள். துத்தநாகமும் பார்ப்பதானால் அதற்கென்றே தனி டியூப் உண்டு. சாதாரண ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கலந்துவிடும்.

பெரும்பாலான லேப்களில் இயல்பு அளவு டெசிலிட்டருக்குச் சுமார் 1.7 முதல் 2.4 மில்லிகிராம் வரை. உடலிலுள்ள மெக்னீசியத்தில் 1 சதவீதம்கூட ரத்தத்தில் இல்லை என்பதால், 1.8 வந்தாலும் குறைபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1.2-க்குக் கீழே போனால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம்; அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

குறைந்திருந்தால் முதலில் மாத்திரைச் சீட்டை எடுங்கள். வருடக்கணக்கில் விழுங்கும் பான்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற வயிற்று மாத்திரைகளும், நீர் பிரியும் மாத்திரைகளும் மெக்னீசியத்தைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மெக்னீசியம் மாத்திரை உடலிலேயே தேங்கி ஆபத்தாகும். விழித்திரை கெட்டவர்களுக்குச் சிறுநீரகமும் கெட்டிருப்பது சகஜம் என்பதால், கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் வேலை வேண்டாம். எழுதிக் கொடுத்தால், தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

சாப்பாட்டில் கம்பு, கேழ்வரகு, கீரை, வேர்க்கடலை எல்லாம் நல்லவை. 30 கிராம் பூசணி விதையில் சுமார் 150 மில்லிகிராம் மெக்னீசியம் கிடைக்கும். சிறுநீரக நோயாளிகள் இதையும் கேட்டுவிட்டே செய்யவேண்டும்.

இத்தனை செய்தாலும் ரத்தப் பரிசோதனை கண் பரிசோதனைக்கு ஈடாகாது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்றால் நோய் தெரிந்த உடனேயும், முதல் வகை என்றால் 5 வருடத்துக்குள்ளும் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். பிறகு மருத்துவர் வேறு கெடு சொல்லாதவரை வருடம் ஒருமுறை. பார்வை தெளிவாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள், ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வெயிலில் கண் கூசும். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, துணைக்கு ஆளோடு போங்கள்.