கொதிக்கும் நீரிலிருந்து ஓர் ஆய்வு: அறிவியல் கற்பித்தலை ஆராயத் தொடங்குவோருக்கு

அறிவியல் கற்பித்தலைப் பற்றி ஆய்வு செய்ய முன்வரும் எம்.எட். மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் பெரும்பாலும் ‘செயல்வழிக் கற்றலின் தாக்கம்’ என்பது போன்ற அகன்ற தலைப்போடுதான் வருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு எந்த வகுப்பறைக்குள்ளும் நுழைய முடியாது. எந்த வகுப்பு மாணவர், எந்த ஒரு கருத்தை, எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று கேட்கும் அளவுக்கு வினா சுருங்கிய பிறகே ஆய்வு தொடங்குகிறது.

சேலத்தில் இருப்போருக்கு அத்தகைய வினா ஒன்று பக்கத்திலேயே கிடைக்கிறது. நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் பொருந்தும் அளவு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் வெப்பமானி 95 டிகிரியை ஒட்டியே நின்றுவிடும். கீழே நகரில் 99ஐ ஒட்டி நிற்கும். இதை நேரில் காணும் ஏற்காட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர் வெப்பமானி பழுது என்கிறாரா, மலைக்குளிர்தான் காரணம் என்கிறாரா, காற்றழுத்தத்தைச் சொல்கிறாரா? பாடநூல் வரிக்கும் கண்முன் உள்ள அளவுக்கும் இடையே அவர் எதை நம்புகிறார் என்பது முழுமையான ஆய்வு வினா.

அடுத்து, முன்னோர் செய்ததைப் படிக்க வேண்டும். கொதிநீரில் எழும் குமிழிக்குள் என்ன இருக்கிறது என்று நியூசிலாந்து மாணவர்களிடம் கேட்ட ஆஸ்பார்ன், காஸ்குரோவ் ஆகியோரின் 1983ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு நல்ல தொடக்கம். அதற்குள் இருப்பது நீராவி; ஆனால் காற்று, வெப்பம், ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றெல்லாம் அம்மாணவர்கள் விடை சொன்னார்கள். நம் நாட்டு ஆய்வுகளுக்கு, 1974இல் மும்பையில் தொடங்கப்பட்ட ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தின் வெளியீடுகளைப் பார்க்கலாம்.

பள்ளிக்குள் செல்லுமுன் கல்வித் துறை அலுவலரிடமும் தலைமையாசிரியரிடமும் எழுத்துவழி அனுமதியும், பெற்றோரிடம் ஒப்புதலும் பெற வேண்டும். மாணவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ஆசிரியர் சொன்னதற்காகத் தலையாட்டுவது ஒப்புதல் ஆகாது.

வினாத்தாளை ஈரடுக்காக அமைப்பது நல்லது. விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது முதல் அடுக்கு. அதற்கான காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இரண்டாம் அடுக்கு. 1988இல் டேவிட் டிரகஸ்ட் விளக்கிய இம்முறையில், மனப்பாடத்தால் வந்த சரியான விடை காரணத்தில் பிடிபட்டுவிடும். இரண்டாம் அடுக்கின் தவறான காரணங்களை நாமே கற்பனையாக எழுதாமல், நேர்காணலில் மாணவர்கள் சொன்னவற்றிலிருந்தே எடுக்க வேண்டும். ஆகவே நேர்காணல் முதலில், வினாத்தாள் பிறகு.

நேர்காணல்தான் கடினமான பகுதி. ஆசிரியராக இருப்பவருக்கு இன்னும் கடினம், ஏனெனில் தவறான விடையைக் கேட்டதும் திருத்துவது அவருடைய பழக்கம். குமிழிக்குள் என்ன இருக்கும் என்று கேட்டதற்கு ஒரு மாணவி, “காத்துதான் மிஸ்” என்று சொல்வதாகக் கொள்வோம். “நல்லா யோசிச்சுச் சொல்லு” என்ற ஒரு சொல் போதும், தன் விடை தவறு என்று அவள் அறிந்துகொண்டு நமக்குப் பிடித்ததைத் தேடத் தொடங்கிவிடுவாள். மாறாக, “அந்தக் காத்து எங்கேயிருந்து வந்திருக்கும்னு நினைக்கிற?” என்று கேட்டுவிட்டு அமைதியாகக் காத்திருந்தால், நீருக்குள் முன்பே கரைந்திருந்தது என்றோ, அடுப்பிலிருந்து புகுந்தது என்றோ அவள் தன் காரணத்தைச் சொல்வாள். அந்தக் காரணமே நமக்குத் தரவு. பதிவை எழுதும்போது அவள் ‘ஆவி’, ‘புகை’ என்றதை ‘நீராவி’ என்று மாற்றிவிடாமல், பேசியபடியே எழுத வேண்டும். பிறகு இருவர் தனித்தனியே விடைகளை வகைப்படுத்தி, எங்கே வேறுபட்டார்கள் என்று ஒப்பிட்டு, வகைகளின் வரையறையைச் சீர்செய்ய வேண்டும்.

புதிய கற்பித்தல் முறை ஒன்றைச் சோதிப்பதானால், நகரப் பள்ளியில் பழைய முறையையும் மலைப் பள்ளியில் புதிய முறையையும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஆசிரியர், குடும்பச் சூழல், முன்னறிவு எல்லாமே வேறாக இருக்கும்போது, மதிப்பெண் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்லவே முடியாது. ஒரே பள்ளியின் இரு பிரிவுகள், இயன்றால் ஒரே ஆசிரியர் என்பது ஓரளவு நம்பத்தக்க அமைப்பு. முன்தேர்வு, பின்தேர்வு இரண்டும் வேண்டும். சில வாரம் கழித்து மூன்றாவது தேர்வு ஒன்றையும் நடத்துவது என் அழுத்தமான பரிந்துரை, ஏனெனில் பழைய கருத்துகள் திரும்பி வருவது அப்போதுதான் தெரியும்.

மதிப்பெண் உயர்வைக் கணக்கிட, ரிச்சர்ட் ஹேக் 1998இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இயற்பியல் மாணவர்களின் தரவில் பயன்படுத்திய அளவீடு எளியது: கிடைத்த உயர்வை, கிடைக்கக்கூடிய அதிகபட்ச உயர்வால் வகுக்க வேண்டும். வகுப்புச் சராசரி 40 விழுக்காட்டிலிருந்து 70க்கு உயர்ந்தால் 30ஐ 60ஆல் வகுத்து 0.5, 80இலிருந்து 90க்கு உயர்ந்தாலும் அதே 0.5.

அறிக்கையில் எத்தனை மாணவர், எந்தப் பள்ளி வகை, யார் கற்பித்தார், என்ன நடக்கவில்லை என்பவற்றை மறைக்காமல் எழுதுங்கள். இரு பிரிவுகளில் கண்டதைத் தமிழ்நாட்டு மாணவர் அனைவருக்கும் நீட்டாதீர்கள். புதிய முறை பலன் தந்திருந்தால், ஒப்பீட்டுக்காக அதைப் பெறாதிருந்த பிரிவுக்கும் அந்தப் பாடத்தை நடத்திக் கொடுத்துவிட்டு, முடிவுகளை ஆசிரியர்களிடம் தமிழில் இரண்டு பக்கமாக எழுதித் தந்த பிறகே பள்ளியிலிருந்து விடைபெறுங்கள்.