களி கிண்டும் நேரத்திலும் ஆண்டவரோடு இருக்க

"இதோ! உலக முடிவுவரை எந்நாளும் நான் உங்களுடன் இருக்கிறேன்." மத்தேயு நற்செய்தி இந்த வாக்குறுதியோடுதான் முடிகிறது. ஆகவே ஆண்டவரை வரவழைக்க நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கூடவே இருப்பவரை மறந்துபோகிறோம், அவ்வளவுதான். தினசரி செபம் அந்த மறதிக்கு மருந்து.

காலையில் போனைத் தொடுவதற்கு முன் 10 நிமிடம் போதும். ஓசூர் சிப்காட்டுக்கு முதல் ஷிப்ட் போகிறவர்கள் கம்பெனி பஸ்ஸிலேயே இதைச் செய்யலாம். சிலுவை அடையாளம் போட்டுவிட்டு ஒரு நிமிடம் எதையும் கேட்காமல், "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர்" என்று மட்டும் சொல்லி அமைதியாக இருங்கள். பிறகு அன்றைய திருப்பலி நற்செய்தியை மெதுவாக இரண்டு முறை வாசித்து, மனதில் தைக்கும் ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிமிடத்தில் அன்றைக்குப் பார்க்கப்போகும் ஆட்களையும் வேலைகளையும் ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லுங்கள். எடுத்த எடுப்பிலேயே ஒரு மணி நேரம் என்று தொடங்கினால் சீக்கிரம் சலித்துவிடும்.

பகலுக்கு ஒரு குறுஞ்செபம் வேண்டும். கீழைத் திருச்சபைகளில் (கிரேக்கம், ரஷ்யா போன்ற கிழக்கத்திய கிறிஸ்தவ சபைகளில்) பல நூற்றாண்டுகளாகச் சொல்லப்படும் இயேசு செபம் இதற்கு நன்றாகப் பொருந்தும்: "ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்." முதல் பாதியை மூச்சை இழுக்கும்போதும் மறுபாதியை விடும்போதும் சொல்வார்கள். மூச்சை வேண்டுமென்றே அடக்கவோ நீட்டவோ கூடாது, தலைசுற்றலே மிஞ்சும். நீளமாகத் தோன்றினால் "இயேசுவே, இரங்கும்" என்றாலே போதும்.

இந்தச் செபத்தை ஏற்கெனவே தினமும் செய்யும் வேலையோடு முடிச்சுப் போடுங்கள். "ஞாபகம் வரும்போது சொல்வேன்" என்றால் ஞாபகம் வரவே வராது. முதல் மாதம் மூன்று முடிச்சுக்கு மேல் வேண்டாம். களி செய்பவருக்குக் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடி வைத்ததிலிருந்து துடுப்பை எடுக்கும் வரை சில நிமிடம் கிடைக்கும்; அது அருமையான இடம். கிண்டத் தொடங்கிய பின் செபத்தை விட்டுவிடுங்கள், கட்டி தட்டாமல் கிண்டுவதே அப்போது செபம். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையற்கட்டில் வேலை செய்த லாரன்ஸ் சகோதரர் இப்படித்தான் பாத்திரங்களுக்கு நடுவே கடவுளோடு பேசப் பழகினார். புளியில் கொட்டை எடுப்பவர்கள் ஒவ்வொரு கூடை நிறையும்போதும் சொல்லலாம். தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் இறங்கும் முன் ஒரு முறை சொன்னால் போதும். அதன்பின் கண்ணும் மனமும் ரோட்டில் இருக்கட்டும். பங்குக் கோயில் மணி காதில் விழும் ஊர்க்காரர்களுக்கு மூவேளை செபம் (மணி அடிக்கும்போது அன்னை மரியாவோடு சேர்ந்து சொல்லும் சிறு செபம்) இருக்கவே இருக்கிறது: காலை 6, நண்பகல் 12, மாலை 6.

இரவில் 5 நிமிடம், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்ம ஆய்வு, அதாவது அன்றைய நாளைக் கடவுள்முன் திரும்பிப் பார்ப்பது. நன்றி சொல்லி, தூய ஆவியின் ஒளியைக் கேட்டு, அன்று நடந்ததைக் காலையிலிருந்து மனதில் ஓட்டிப் பாருங்கள். மன்னிப்புக் கேட்டு, மறுநாளை ஒப்படையுங்கள். பலர் இதைப் பாவக் கணக்காக மட்டும் ஆக்கிவிடுகிறார்கள். "இன்று ஆண்டவர் எங்கே என் பக்கத்தில் நின்றார்?" என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும். மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்த அன்று பக்கத்துக் கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எம்மாவு ஊருக்குப் போன சீடர்களுக்கும், வழியில் கூட வந்தவர் உயிர்த்த இயேசு என்று பிறகுதான் தெரிந்தது.

பெரும்பாலும் சறுக்குவது உணர்ச்சியைத் தேடும்போதுதான். கண்ணீர், சிலிர்ப்பு, நெஞ்சுக்குள் சூடு வந்தால் நல்லது. வராவிட்டால் ஆண்டவர் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. வறட்சி வாரக்கணக்கில் நீடித்தால் செப நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். தூக்கமும் சாப்பாடும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பங்குத்தந்தையிடம் பேசுங்கள். ஞாயிறு திருப்பலிக்கும் ஒப்புரவு அருள்சாதனத்துக்கும் (பாவசங்கீர்த்தனம்) இந்தப் பழக்கம் மாற்று ஆகாது.

எண்ணிக்கை வைப்பதும் வம்பு. நூறு முறை சொன்னேன் என்று மனம் கணக்கில் ஓடும். பாதி நாள் மறந்துவிட்டீர்களா? விட்ட செபங்களைச் சேர்த்துச் சொல்ல உட்காராதீர்கள். நினைவு வந்த நிமிடத்தில் ஒரு முறை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் ஆன்ம ஆய்வை வீடு திரும்பும் காலைக்கும், 10 நிமிடச் செபத்தைத் தூங்கி எழுந்த பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.