ரோட்டரி இன்ஜினில் எரிபொருள் அழுத்தம் இறங்கினால் எங்கே தேடுவது

மாஸ்டா 13பி போன்ற, பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜினைத் தாமே கட்டிய விமானத்தில் பொருத்தியவர்கள், எரிபொருள் அழுத்தம் இறங்கியதும் முதலில் பம்பை மாற்றுவார்கள்; பெரும்பாலும் அது வீண்செலவாகவே முடிகிறது. அழுத்தம் எந்த நிலையில் இறங்குகிறது என்பதைக் குறித்துக்கொண்டால் தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் எரிபொருள் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும். முழு சக்தியில் அந்த அளவு மெலிந்த கலவை டெட்டனேஷனை, அதாவது கட்டுக்கடங்காமல் வெடித்து எரிவதை, உண்டாக்கினால் ரோட்டரின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல் உடையும்.

முதலில் அழுத்தமானியையே சந்தேகியுங்கள். சென்சாரின் எர்த் இணைப்பு தளர்ந்திருந்தாலும் முள் ஆடும். இன்ஜெக்டர்களுக்கு எரிபொருள் தரும் ரெயில் குழாயில் ஒரு மெக்கானிக்கல் கேஜைத் தற்காலிகமாகப் பொருத்தி, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது, எரிபொருள் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர். ஐடிலில் (இன்ஜின் மெதுவாகச் சும்மா ஓடும்போது) அதன் வேக்குவம் குழாயைக் கழற்றினால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. ஏற வேண்டும். குழாய்க்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் கிழிந்துவிட்டது; அதை மாற்றாமல் இன்ஜினைக் கிளப்பாதீர்கள்.

முழு த்ராட்டிலில் மட்டும் அழுத்தம் சரிந்தால், பாயும் அளவை அளந்தே ஆக வேண்டும். இக்னிஷனைத் துண்டித்து, தீயணைப்பானை அருகில் வைத்து, விமானத்தின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்தி, ரெகுலேட்டருக்குப் பின்னுள்ள, மிஞ்சிய எரிபொருளை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாயை அளவுக் கேனில் விட்டு, இரு பம்புகளில் ஒன்றை மட்டும் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 180 குதிரைசக்தி தரும் ரோட்டரி மணிக்கு ஏறத்தாழ 60 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டர் குடிக்கும். 25 சதவீதம் கூடுதலாக, கேனில் 1.25 லிட்டராவது சேர வேண்டும். குறைந்தால் இரண்டாவது பம்பையும் இப்படியே சோதியுங்கள்; அதிலும் இதே குறை தெரிந்தால், ஃபில்டர், டேங்க் வால்வு போன்ற பொதுவான பாதையில்தான் அடைப்பு. ஒன்றில் மட்டும் குறைந்தால், அது ஓடும்போதே அதன் முனைகளில் வோல்டேஜை அளந்து பாருங்கள். பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாக இருந்தால், குற்றவாளி ஒயரோ ரிலேயோதான். இரு பம்பும் சேர்ந்து ஓடும்போது அழுத்தம் வெகுவாக ஏறினால், ரிட்டர்ன் குழாய் குறுகலாக உள்ளது.

வெயிலில் நிறுத்திவிட்டு மீண்டும் கிளப்பும்போது முள் துடித்தால், பம்பின் உறிஞ்சு பக்கத்தில் ஆவி கட்டியிருக்கும். இன்ஜினையும் விமானியின் அறையையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்கு முன்னால், சூட்டில் பம்பை வைத்திருப்பவர்கள் குழாய்களுக்கு வெப்ப உறை சுற்றுவார்கள். இன்ஜினை நிறுத்திய பின் உறைக்குள்ளும் சூடு ஊறிவிடும் என்பதால் என் கணிப்பில் அது அரைகுறை மருந்து. பம்பை டேங்குக்கு அருகில், தாழ்வாக, அகலமான குழாயுடன் வைப்பதே தீர்வு.

பறந்து அரைமணி கழித்து அழுத்தம் மெல்ல இறங்கினால், தரையிறங்கியதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்: உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்குக்குக் காற்று விடும் வென்ட் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கலாம்.

எதைச் சரிசெய்தாலும், விமானத்தைக் கட்டிவைத்து, இன்ஜின் மூடியான கௌலிங்கை மூடி, வெப்பநிலைகளைக் கவனித்தபடியே முழு சக்தியில் ஓட்டி, முள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே பறக்க எடுங்கள்.